வடக்கா, தெற்கா? கொரியப் போர்க்கைதிகள் விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கி 1953 ஜூலை 27இல் நின்றது. இதில் முதல் ஓராண்டில்தான் படைகள் மேலும் கீழுமாக ஓடின. சியோல் நகரம் மட்டும் நான்கு முறை கைமாறியது. 1951 ஜூலை 10இல் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. படைகளைப் பிரிக்கும் கோடு எங்கே என்பதும் அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகும் இருபது மாதம் சண்டை ஓடியது. கோடு முடிவான பிறகு எதற்காகச் சாக வேண்டும்?

போர்க்கைதிகளுக்காக. பிடிபட்டவர்களை எல்லாம் அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதா, விரும்பியவர்களை மட்டும் அனுப்புவதா என்ற ஒரே கேள்வியில் பேச்சு சிக்கிக்கொண்டது. கொரியா பிரிந்த கதையை 38ஆவது இணைகோட்டில் (38 பாகை வடக்கு அட்சரேகையில்) தொடங்கி அங்கேயே முடிப்பது வழக்கம். அந்தக் கோடு நிலத்தைப் பிரித்தது, உண்மைதான். மனிதர்களை ஆளுக்கொரு பக்கம் தள்ளி, ‘நீ யார் ஆள், சொல்’ என்று கேட்டுப் பிரித்த வேலை நடந்தது கைதி முகாம்களில். அதனால் இந்த ஆய்வு அங்கே போகிறது.

கோடு வந்த கதை, சுருக்கமாக

1910 முதல் 1945 வரை கொரியா முழுவதும் ஜப்பானின் காலனி. ஜப்பான் சரணடையப் போகிறது, சோவியத் படைகள் வடக்கிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன என்ற நிலையில், 1945 ஆகஸ்ட் 10 நள்ளிரவையொட்டி வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகளிடம் ஒரு வேலை கொடுக்கப்பட்டது: யார் எதுவரை சரணடைதலை ஏற்பது என்று ஒரு கோடு போடுங்கள். அவர்கள் கையில் கிடைத்தது நேஷனல் ஜியாக்ரஃபிக் வரைபடம். சியோல் அமெரிக்கப் பக்கம் இருக்க வேண்டும் என்ற கணக்கில் 38ஆவது இணைகோட்டைக் காட்டினார்கள். மாஸ்கோ மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றது. கொரியர் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.

தற்காலிகம் என்று வந்த கோடு அப்படியே உறைந்துவிட்டது. நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்த ஐ.நா. ஒரு தற்காலிக ஆணையத்தை அனுப்பியது. அதன் தலைவர் இந்தியரான கே.பி.எஸ். மேனன். ஆணையத்தை வடக்குக்குள் விட சோவியத் தரப்பு மறுத்ததால் 1948 மே 10இல் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. ஆகஸ்ட் 15இல் சிங்மன் ரீ தலைமையில் தென் கொரியாவும், செப்டம்பர் 9இல் கிம் இல் சுங் தலைமையில் வட கொரியாவும் அறிவிக்கப்பட்டன. இரண்டுமே முழுத் தீபகற்பமும் தன்னுடையது என்றன. எனவே கோட்டின் அந்தப் பக்கத்தில் இருந்தவர் யாரும் எந்த அரசுக்கும் வெளிநாட்டவர் ஆகவில்லை. ஒன்று நம் ஆள், இல்லையென்றால் துரோகி. கைதிகள் விவகாரம் முழுவதற்கும் வேர் இதுதான்.

யார் இந்தக் கைதிகள்

‘வட கொரியப் படைக் கைதி’ என்று பட்டியலில் எழுதியிருந்தால் அவர் வடக்கில் பிறந்த கம்யூனிஸ்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1950 கோடையில் வட கொரியப் படை தெற்கின் பெரும்பகுதியைப் பிடித்து, பூசானைச் சுற்றிய ஒரு மூலைக்குள் எதிரியை ஒடுக்கியது. அந்த இரண்டு, மூன்று மாதத்தில் தெற்கின் இளைஞர்களைத் ‘தொண்டர் படை’ என்ற பெயரில் திரட்டிக்கொண்டு போனது. சியோலில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் பாதை இப்படிப் போயிருக்கும்: ஜூலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம், அங்கிருந்தே வரிசையில் நடத்திக்கொண்டு போனார்கள், ஆகஸ்டில் நக்டோங் ஆற்றங்கரையில் கையில் துப்பாக்கி, செப்டம்பர் 15இல் அமெரிக்கர் இஞ்சோனில் தரையிறங்கியதும் படை சிதறியது, அக்டோபரில் அவன் ‘எதிரி நாட்டுக் கைதி’. அவன் வீடு சியோலில். அவனைத் திருப்பி அனுப்ப வேண்டிய ‘சொந்த நாடு’ எது?

இப்படி மாட்டிக்கொண்ட தென் கொரியர்கள் ஓர் இருவர் என்றால் விட்டுவிடலாம். 1951 கடைசியில் ஐ.நா. தரப்பு (அமெரிக்கா தலைமையில் தெற்குக்காகப் போரிட்ட படை) கணக்கெடுத்தபோது சுமார் 37,000 பேரைக் கைதிப் பட்டியலிலிருந்து எடுத்து ‘காவலில் உள்ள பொதுமக்கள்’ என்று பெயர் மாற்ற வேண்டியிருந்தது.

சீனக் கைதிகளின் கதையும் இதே மாதிரிதான். 1950 அக்டோபரில் யாலு ஆற்றைக் கடந்து வந்த சீன ‘மக்கள் தொண்டர் படை’யில் ஏராளமானோர், ஓரிரு ஆண்டு முன்புவரை, மாவோவிடம் தோற்றுத் தைவானுக்குப் போன சியாங் கை-ஷேக்கின் படையில் இருந்தவர்கள். உள்நாட்டுப் போரில் தோற்றதும் ஒட்டுமொத்தமாக மாவோவின் படைக்கு மாற்றப்பட்டவர்கள். அவர்களில் பலருக்குப் பிடிபட்டது ஒரு வாய்ப்பாகக்கூடப் பட்டிருக்கலாம்.

எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் மோசம். 1951 டிசம்பர் 18இல் இரு தரப்பும் கைதிப் பட்டியலை மாற்றிக்கொண்டன. ஐ.நா. தரப்பு 1,32,474 பெயர் கொடுத்தது. கம்யூனிஸ்ட் தரப்பு கொடுத்தது 11,559. அதற்கு முன்பு அவர்களே 65,000 பேரைப் பிடித்திருப்பதாக வானொலியில் பெருமையடித்திருந்தார்கள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், போர்முனையிலேயே விடுவித்துவிட்டோம் என்று பதில். பிடிபட்ட தென் கொரிய வீரர்களில் பலரை வட கொரியா தன் படையிலேயே சேர்த்துக்கொண்டிருந்தது. ஆக, இரு தரப்பும் எதிரியின் ஆட்களைத் தன் ஆளாக்கும் வேலையைச் செய்தன. வடக்கு சத்தமில்லாமல் செய்தது, தெற்கும் அமெரிக்காவும் கொள்கை பேசிச் செய்தன.

118ஆவது பிரிவும் ஒரு கொள்கையும்

1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் 118ஆவது பிரிவு எளிமையானது: சண்டை நின்றதும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாயகத்துக்கு அனுப்ப வேண்டும். விருப்பம், விருப்பமின்மை பற்றிய பேச்சே அதில் இல்லை. சீனாவும் வட கொரியாவும் இதைப் பிடித்துக்கொண்டன. சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க அதிபர் ட்ரூமன் 1952 தொடக்கத்தில் வேறு நிலை எடுத்தார்: திரும்ப விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சோவியத் கைதிகளைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பியதும், போனவர்களில் பலர் சிறைக்கும் சாவுக்கும் போனதும் பலருக்கு நினைவிருந்தது. அந்த மனச்சாட்சி உண்மையானது. கூடவே பனிப்போர்க் கணக்கும் இருந்தது. பத்தாயிரக்கணக்கானோர் கம்யூனிசத்துக்குத் திரும்ப மறுத்தால் அது எப்பேர்ப்பட்ட விளம்பரம்!

விரும்பாதவர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுமார் 1,16,000 பேர் திரும்புவார்கள் என்று ஐ.நா. தரப்பு எதிரிக்கு ஒரு குத்துமதிப்புச் சொல்லிவிட்டது. 1952 ஏப்ரலில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததில் வந்த எண் சுமார் 70,000. கம்யூனிஸ்ட் தரப்பு கொதித்தது. ஒரு வியாபாரத்தில் விலை பேசி முடித்த பிறகு சரக்கில் பாதி இல்லை என்றால் யார்தான் ஏற்பார்கள்? பேச்சு அதோடு முறிந்தது.

கோஜே தீவு

கைதிகளில் பெரும்பாலோரை வைத்திருந்தது தென்கடலில் பூசானுக்கு அருகே உள்ள கோஜே தீவில். ஆயிரக்கணக்கானோரை ஒரே முள்வேலிக்குள் அடைத்து, வெளியே காவல் போட்டார்கள். வேலிக்கு உள்ளே என்ன நடந்தது என்பது பெரும்பாலும் காவலர் கையில் இல்லை. சில வளாகங்களைக் கம்யூனிஸ்ட்டுகள் பிடித்துக்கொண்டார்கள். சிலவற்றைக் கம்யூனிச எதிர்ப்பாளர்கள். உள்ளுக்குள் தனி நீதிமன்றம், தனித் தண்டனை, தனிப் பயிற்சி. காலையில் எழுந்தால் சாக்கடைப் பக்கம் பிணம் கிடக்கும். யார் கொன்றார்கள் என்று சொல்ல ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சீனக் கைதிகள் பலர் உடம்பில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்கள் பச்சை குத்தப்பட்டன. விரும்பிக் குத்திக்கொண்டவர்கள் உண்டு. பிடித்து அழுத்திக் குத்தப்பட்டவர்களும் உண்டு. அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவன் மாவோவின் நாட்டுக்குத் திரும்பத் துணிவான்?

ஏப்ரல் விசாரணையில் கேட்ட கேள்வி ‘நீ கட்டாயமாக அனுப்பப்படுவதை எதிர்ப்பாயா?’ என்ற பாணியில் இருந்தது. பதில் சொல்லிவிட்டு அவன் திரும்பப் போக வேண்டியது அதே கும்பலிடம். சுமார் 37,000 பேர் இருந்த ஏழு வளாகங்கள் விசாரணைக்கே மறுத்துவிட்டன. அவர்கள் எல்லோரும் திரும்ப விரும்புகிறவர்கள் என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். இரு பக்க எண்ணிக்கைக்கும் அடியில் இருந்தது யார் கையில் எந்த வளாகம் என்பதுதான்.

1952 மே 7 அன்று ட்ரூமன் அறிக்கை விட்டார்: மனிதர்களைக் கொலைக்கும் அடிமைத்தனத்துக்கும் ஒப்படைத்து நாங்கள் போர்நிறுத்தத்தை வாங்க மாட்டோம். அதே மே 7இல், கோஜே முகாமின் தலைமை அதிகாரி பிரிகேடியர் ஜெனரல் டாட், 76ஆம் வளாகத்தின் வாசலில் கைதிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கைதிகள் சிறை அதிகாரியைச் சிறைபிடித்து மூன்று நாள் ‘விசாரணை’ நடத்தினார்கள். கைதிகளிடம் அத்துமீறல் நடந்தது, இனி நடக்காது என்ற பொருள்பட அவருக்கு அடுத்து வந்த அதிகாரி எழுதிக் கொடுத்த பிறகுதான் மே 10இல் விட்டார்கள். இருவருமே பின்னர் கர்னலாகப் பதவி இறக்கப்பட்டார்கள். ஜூன் 10இல் ஜெனரல் போட்னர் டாங்கிகளையும் பாராசூட் படையினரையும் விட்டு அந்த வளாகத்தை உடைத்தார். 31 கைதிகள் செத்தார்கள்.

இதெல்லாம் நடக்கையில் போர்முனையில் ஒரு குன்றுக்காக வாரக்கணக்கில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. வடக்கில் 1952 ஜூனில் யாலு ஆற்றின் சுய்ஹோ நீர்மின் நிலையத்தையும், 1953 மேயில் பாசன அணைகளையும் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு உடைத்தன. பேச்சு தொடங்கிய பிறகு மட்டும் இறந்த அமெரிக்க வீரர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். கொரியர், சீனர் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

ட்ரூமனின் கொள்கை தவறா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருவனை அவன் அஞ்சும் இடத்துக்குக் கையைக் கட்டி அனுப்பக் கூடாது என்பது பின்னாளில் அகதிகள் சட்டம் முழுவதும் ஏற்றுக்கொண்ட எண்ணம்தான். பிழை, சுதந்திரமாகச் சொல்ல முடியாத இடத்தில் வைத்து அவன் விருப்பத்தைக் கேட்டதில் இருக்கிறது.

இந்தியா உள்ளே வருகிறது

முடிச்சை அவிழ்த்த யோசனை இந்தியாவுடையது. வி.கே. கிருஷ்ண மேனன் முன்னெடுத்த தீர்மானத்தை 1952 டிசம்பர் 3இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது: திரும்ப மறுக்கும் கைதிகளை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்றிடம் ஒப்படைப்பது. முதலில் மாஸ்கோவும் பெய்ஜிங்கும் அதைத் தூக்கி எறிந்தன. 1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தார், காற்று திரும்பியது. ஏப்ரலில் நோயாளிக் கைதிகள் பரிமாற்றம், ஜூன் 8இல் கைதிகள் பற்றிய உடன்பாடு.

அதற்குள் சிங்மன் ரீ ஒரு வேலை செய்தார். நாடு ஒன்றாகாமல் போர்நிறுத்தமா என்று எதிர்த்துக்கொண்டிருந்த அவர், ஜூன் 18 அதிகாலையில், வடக்குக்குத் திரும்ப மறுத்த கொரியக் கைதிகள் இருந்த முகாம்களின் வாசலைத் தன் காவலர்களை விட்டே திறக்க வைத்தார். சுமார் 27,000 பேர் இருட்டில் ஓடி ஊர்களுக்குள் கலந்தார்கள். சாதாரண மக்கள் அவர்களுக்கு மாற்றுத்துணியும் சோறும் கொடுத்து ஒளித்து வைத்தார்கள். வாஷிங்டனுக்கு ஆத்திரம், பெய்ஜிங்குக்கும் ஆத்திரம். ஆனாலும் ஜூலை 27 காலை பத்து மணிக்குப் பான்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தாகி, இரவு பத்து மணிக்கு நடைமுறைக்கு வந்தது. தென் கொரியா அதில் கையெழுத்தே போடவில்லை.

திரும்ப விரும்பியவர்களின் பரிமாற்றம் ஒரு மாதத்தில் முடிந்தது. வடக்கே சென்றவர்கள் 75,823. தெற்கே வந்தவர்கள் 12,773. வடக்கே போன பலர் அமெரிக்கர் கொடுத்த உடையையும் பூட்ஸையும் லாரியிலிருந்து வழியெல்லாம் வீசி எறிந்துவிட்டு, உள்ளாடையோடு பாடிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தது சிக்கல்: ஐ.நா. பக்கம் 22,604 பேர் (14,704 சீனர், 7,900 கொரியர்), கம்யூனிஸ்ட் பக்கம் 359 பேர் (335 கொரியர், 23 அமெரிக்கர், ஒரு பிரிட்டிஷ்காரர்).

இவர்களைக் காக்க ஜெனரல் எஸ்.பி.பி. தோரட் தலைமையில் இந்தியக் காவல் படை வந்தது. ஆணையத்தின் தலைவர் ஜெனரல் கே.எஸ். திம்மையா. மற்ற உறுப்பினர்கள் சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா. இந்தியா கம்யூனிஸ்ட் பக்கம் சாய்கிறது என்று கருதிய ரீ, ஓர் இந்தியச் சிப்பாய்கூடத் தென் கொரிய மண்ணை மிதிக்கக் கூடாது என்றார். ஆகவே இஞ்சோன் துறைமுகத்துக்கு வந்த இந்தியப் படையினர் ஆயிரக்கணக்கானோரை அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏற்றிப் பறந்து, இரு தரப்புக்கும் இடைப்பட்ட ராணுவமற்ற மண்டலத்தில் கொண்டுபோய் இறக்கின. அங்கே அவர்கள் அமைத்த முகாமின் பெயர் ‘ஹிந்த் நகர்’.

அந்தப் படையோடு சேர்ந்துகொண்ட 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 கடைசியிலிருந்தே கொரியாவில் இருந்தது. அதைப் போர்க்களத்தில் நடத்தியவர் ஆற்காட்டு ரங்கராஜ், லெப்டினன்ட் கர்னல், நம்மூர்க்காரர். பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது மருத்துவக் கருவிகளைப் போட்டுவிட்டு வர மனமில்லாமல், கிடைத்த ரயில் எஞ்சினைத் தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்த பிரிவு அது. மகாவீர் சக்ரா வாங்கிய அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே இடமில்லை.

இரண்டு வாசல் உள்ள கூடாரம்

திட்டம் காகிதத்தில் அழகாக இருந்தது. ஒவ்வொரு கைதியையும் ஒரு கூடாரத்துக்குள் கூட்டி வர வேண்டும். அவன் நாட்டுப் பிரதிநிதி அவனோடு பேசி, பயப்படாதே, வீட்டுக்கு வா என்று விளக்க வேண்டும். ஆணையத்தின் ஐந்து நாட்டினரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்ததும் இரண்டு வாசல்: ஒன்றில் போனால் தாயகம், மற்றொன்றில் போனால் மறுப்பு. இதற்கு 90 நாள்.

நடந்தது வேறு. 1953 அக்டோபர் 15இல் விளக்கம் தொடங்கியது. உள்ளே வந்த பல கைதிகள் விளக்க வந்தவர்மீது துப்பினார்கள், நாற்காலியை வீசினார்கள், ‘தைவான், தைவான்’ என்று கத்திக்கொண்டே மறுப்பு வாசல் வழியாக ஓடினார்கள். கூடாரத்தில் ஒவ்வொரு கைதிக்கும் பக்கத்தில் இந்தியச் சிப்பாய்கள் நிற்க வேண்டியிருந்தது, தப்பி ஓடாமல் இருக்க அல்ல, அடிக்காமல் இருக்க. விளக்க வந்தவர்களும் ஒருவனையே மணிக்கணக்கில் பிடித்து வைத்துப் பேசினார்கள். கொரியக் கைதிகள் முதலில் கூடாரத்துக்கு வரவே மறுத்தார்கள். கட்டி இழுத்து வர இந்தியப் படைக்கு மனமில்லை; இழுத்தால் ரத்தம் சிந்தும். கடைசியில் 90 நாளில் விளக்கம் நடந்தது பத்தே நாள். கூடாரத்துக்கு வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் தாயகம் திரும்பச் சம்மதித்தவர்கள் 137.

செப்டம்பர் கடைசியில் சீனக் கைதிகள் ஓர் இந்திய மேஜரை வளாகத்துக்குள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தோரட் ஆயுதமில்லாமல் உள்ளே நடந்து போனார். சுற்றிலும் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை, விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்லி டீ கொடுக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு என்ற தொனியில் அதட்டி, பேச்சைத் திருப்பி, மேஜரை வெளியே கொண்டுவந்தார். ஒரு குண்டு வெடிக்கவில்லை. சில நாள் கழித்து அக்டோபர் தொடக்கத்தில் வேறு வளாகங்களில் நிலைமை மிஞ்சி இந்தியக் காவலர் சுட நேர்ந்து, கைதிகள் சிலர் இறந்தார்கள். வீரக்கதை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது முறையல்ல.

என் பார்வையில் இந்த விவகாரத்தின் மிக முக்கியமான எண் 628. ஐ.நா. பக்கம் பிடிபட்டு, ‘திரும்ப மாட்டேன்’ பட்டியலில் இருந்த 22,604 பேரில் கடைசியில் தாயகம் திரும்பியவர்கள் அத்தனை பேர். அதில் கூடாரத்தில் முடிவெடுத்தவர்கள் 137 என்றால் மற்றவர்கள்? பெரும்பாலோர் இரவில் முள்வேலி ஏறிக் குதித்து இந்தியக் காவலரிடம் ஓடி வந்தவர்கள். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பகலில், சக கைதிகள் காதுபட, சொல்ல முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. வளாகங்களுக்குள் கொலைகள் நின்றபாடில்லை. வேலி ஏறத் துணியாதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தப் பட்டியலும் காட்டாது. ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கையும், இந்தியா உட்பட, கைதிகள் உள் அமைப்புகளின் பிடியில் இருந்தார்கள் என்றே சொன்னது. சுவீடனும் சுவிட்சர்லாந்தும் அதோடு ஒத்துப்போகவில்லை.

அதற்காக மறுத்தவர்கள் எல்லோரும் மிரட்டப்பட்டவர்கள் என்று புரட்டிப் போடுவதும் தப்பு. நிலச்சீர்திருத்தத்தில் குடும்பத்தை இழந்த வடகொரியர்கள், தேவாலயம் பூட்டப்பட்டு ஓடிய கிறிஸ்தவர்கள், மாவோ படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட சிச்சுவான் விவசாயிகள் என்று மனமறிந்து மறுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். யார் எந்த வகை என்று பிரித்தறிய ஒரு வழியையும் யாரும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

கணக்கு முடிந்தபோது

120 நாள் காவல் முடிந்தது. இந்தக் கைதிகளின் கதியைத் தீர்மானிக்க வேண்டிய அரசியல் மாநாடு கூடவே இல்லை. திம்மையா 1954 ஜனவரி 20இல், பிடித்தவர்களிடமே கைதிகளைத் திருப்பி ஒப்படைத்தார். ஐ.நா. பக்கக் கணக்கு இப்படி முடிந்தது: 21,839 பேர் ஐ.நா. தரப்பிடம் திரும்பினார்கள், 628 பேர் தாயகம், 38 பேர் இறந்தார்கள், 13 பேர் தப்பினார்கள், 86 பேர் வேறு நாடு கேட்டார்கள். கம்யூனிஸ்ட் பக்கத்து 359இல் 347 பேர் அங்கேயே தங்கினார்கள். 10 பேர் மனம் மாறித் திரும்பினார்கள். இரண்டு பேர் வேறு நாடு கேட்டார்கள். சீனர் பதினான்காயிரம் பேரைக் கப்பல்கள் தைவானுக்குக் கொண்டுபோயின. ஜனவரி 23ஐத் தைவான் ‘சுதந்திர நாள்’ என்று கொண்டாடத் தொடங்கியது.

86ம் 2ம் சேர்ந்தால் 88. கொரியர் 76, சீனர் 12. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்றவர்கள். ஏன்? திரும்பினால் குற்றவாளி, தங்கினால் மீண்டும் ஒரு படையில் சேர்த்து அண்ணன் தம்பிக்கு எதிராகவே துப்பாக்கி பிடிக்க வைப்பார்கள் என்ற பயம். பலர் மெக்சிகோ போன்ற நாடுகளைக் கேட்டார்கள். எந்த நாடும் உடனே கதவைத் திறக்காததால், இந்தியப் படை அவர்களைத் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டது. 1954 பிப்ரவரியில் ‘அஸ்தூரியாஸ்’ கப்பல் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் நம்முடைய சென்னை. அங்கிருந்து டெல்லிக்கு. இரண்டு ஆண்டுக்கு மேல் ராணுவக் குடியிருப்பில் காத்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோரைப் பிரேசிலும், ஒரு டஜன் பேரை அர்ஜென்டினாவும் எடுத்துக்கொண்டன. சிலர் மனம் மாறி வடக்குக்கோ தெற்குக்கோ திரும்பினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் இந்தியாவிலேயே தங்கிப் பிழைப்பு தேடிக்கொண்டார்கள்.

76 பேர் என்பது மூன்று கோடி மக்கள் வாழ்ந்த தீபகற்பத்தில் ஒரு துளி. ஆனாலும் இரண்டு அரசுகளின் கதையையும் ஏற்காத கொரியர் இருந்தார்கள் என்பதற்குப் பதிவேட்டில் உள்ள சாட்சி அவர்கள்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒரு மூன்றாவது வழி இருப்பதே பெரும்பாலும் தெரியாது.

தங்கியவர்களும் தங்க வைக்கப்பட்டவர்களும்

தெற்கில் தங்கிய வடகொரியக் கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது, வீடு போயிற்று. வடக்கில் அவர்களுடைய பெற்றோரும் மனைவி மக்களும் ‘தெற்கே ஓடியவனின் குடும்பம்’ என்று அரசின் பகைப் பிரிவில் எழுதப்பட்டார்கள். படிப்பு, வேலை, வீடு எல்லாம் அந்த முத்திரையைப் பொறுத்தது. தெற்கிலும் வடக்கே போனவர்களின் உறவினர்மீது இதே சந்தேகக் கண் 1980 அரசியலமைப்பு அதைத் தடை செய்யும்வரை இருந்தது. கடிதம் கிடையாது, தொலைபேசி கிடையாது. 1983 ஜூன் 30இல் தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, தெற்குக்குள்ளேயே ஒருவரையொருவர் தொலைத்த குடும்பங்களைச் சேர்க்க ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கியது 138 நாளில் 453 மணி நேரமாக நீண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உறவினரைக் கண்டுபிடித்தார்கள். எல்லை தாண்டிய சந்திப்பு முதலில் நடந்தது 1985இல். 2000 முதல் 2018 ஆகஸ்ட்வரை 21 சுற்று. ஒவ்வொன்றிலும் தரப்புக்கு நூறு பேர் சுமார், சில நாள், அதுவும் சில மணி நேரம் மட்டும். பார்க்க விண்ணப்பித்தவர்கள் 1,30,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. 2018க்குப் பிறகு ஒரு சந்திப்பும் நடக்கவில்லை.

இனி வடக்கு திருப்பித் தராத தென் கொரியக் கைதிகள். தன்னிடம் ஒருவரும் இல்லை, எல்லோரும் பரிமாறப்பட்டுவிட்டார்கள் என்பது வட கொரியாவின் நிலை. 1994இல் சோ சாங்-ஹோ என்ற லெப்டினன்ட், 1951இல் பிடிபட்டவர், சீனா வழியாகத் தப்பித் தெற்குக்கு வந்து சேர்ந்தார். இறந்துவிட்டதாக எழுதி தேசியக் கல்லறையில் பெயர் பொறித்திருந்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே பாதுகாப்பு அமைச்சருக்குச் சல்யூட் அடித்து, பணிக்குத் திரும்பிவிட்டதாக அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு சுமார் 80 பேர் இப்படி வந்தார்கள். வடகிழக்கு மூலையில் நிலக்கரிச் சுரங்கங்களில் காலம் தள்ளியவர்கள் பலர். சுரங்கம் அவர்கள் பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்தாகக் கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. வட கொரியப் படையின் போர்ச் செய்தியாளர் ரீ இன்-மோ 1952இல் தெற்கின் மலைகளில் பிடிபட்டு, கொள்கையைக் கைவிட்டதாக எழுதிக் கொடுக்க மறுத்ததால் 34 ஆண்டு சிறையில் இருந்தார். 1993 மார்ச்சில்தான் அவரை வடக்குக்கு அனுப்பினார்கள். 2000 செப்டம்பரில் அவரைப் போன்ற 63 பேர் பான்முன்ஜோம் வழியாக நடந்து போனார்கள். பதிலுக்குச் சுரங்கத்தில் இருந்தவர்கள் யாரும் வரவில்லை.

2020 ஜூலையில் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம், தப்பி வந்த இரண்டு முதியவர்களின் வழக்கில், வட கொரிய அரசும் கிம் ஜாங் உன்னும் அந்த இருவருக்கும் ஆளுக்கு 2 கோடியே 10 லட்சம் வோன் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட கொரியத் தொலைக்காட்சிக் காட்சிகளுக்காகத் தென் கொரிய நிறுவனங்கள் கட்டிய உரிமைத்தொகை ஓர் அறக்கட்டளையிடம் முடங்கிக் கிடந்தது. அதிலிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு வழக்குப் போட்டார்கள். அந்தப் பணம் வட கொரிய அரசுக்குச் சொந்தமானது என்று சொல்ல முடியாது என்ற நிலையில், 2022 ஜனவரியில் அது தள்ளுபடி ஆனது.